பத்து ஆண்டு ஓட வேண்டிய குழாய்

சீசியம் 28.5 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். எங்கள் ஆவூரில் அதைக் கண்ணாடிச் சிமிழுக்குள் அடைத்துத் திண்ணையில் வைத்தால், பகல் நேரத்தில் பெரும்பாலும் திரவமாகத்தான் கிடக்கும். நான் வேலை பார்த்த மாசச்சூசெட்ஸ் மாநிலத்துப் பெவர்லியில் அதே சிமிழ் வெளிர்ப்பொன் நிறக் கட்டியாக இறுகி நிற்கும். கையுறை போட்ட கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருந்தால் ஓரத்தில் இளகி, பிறகு முழுதும் வழியத் தொடங்கும். காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். அவ்வளவு துடிப்பான உலோகம் அது. அதைச் சில கிராம் எடுத்து, ஒரு குழாய்க்குள் காற்றே இல்லாமல் பூட்டி, பத்து ஆண்டுக்கு ஒரே சீராக ஓடவைப்பதுதான் என் தொழிலாக இருந்தது.

அணுக்கடிகாரம் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் இருக்கும் அணுக்கற்றைக் குழாய் பலருக்குத் தெரியாது. மற்ற மின்னணுப் பாகங்கள் எல்லாம் அந்தக் குழாய் சொல்வதைக் கேட்டு நடப்பவைதான். குழாய் செத்தால் கடிகாரம் வெறும் பெட்டி.

ஆவூர் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர். திருச்சிக்குத் தெற்கே, பழைய மதுரை மிஷனைச் சேர்ந்த ஊர். வீரமாமுனிவர் தங்கிப் பணியாற்றிய ஊர் என்ற பெருமை எங்களுக்கு உண்டு. ஓய்வு பெற்று இங்கே திரும்பி வந்த பிறகு, தம்பி மகன் ஒருநாள் கேட்டான்: "பெரியப்பா, போன்லயே டைம் தானா வருது. அதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?"

"போனுக்கு எங்கேருந்துடா வருது?"

"டவர்லேருந்து."

"டவருக்கு?"

"சாட்டிலைட்லேருந்து இருக்கும்."

"சாட்டிலைட்டுக்கு?"

அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பி.இ. படித்த பையன். அவன் கல்லூரிப் பாடத்தில் இது இல்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அவன் கேள்வியும் ஒரு காரணம்.

சீசியம் அணுவின் வெளிச்சுற்றில் ஒரே ஒரு எலக்ட்ரான். அதற்கும் ஒரு சிறு காந்தத்தன்மை உண்டு, நடுவில் இருக்கும் அணுக்கருவுக்கும் உண்டு. இரண்டும் ஒரே பக்கம் திரும்பி நின்றால் ஓர் ஆற்றல்நிலை, எதிரெதிராக நின்றால் இன்னொன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அணுவைத் தாவவைக்க, நொடிக்கு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிரும் நுண்ணலை வேண்டும். இந்த எண் ஆவூரிலும் ஒன்றுதான், அன்டார்டிகாவிலும் ஒன்றுதான். இயற்கையில் கிடைக்கும் சீசியம் முழுவதும் ஒரே ஐசோடோப்பு, சீசியம்-133. அதனால் பிரித்தெடுக்கும் வேலையும் இல்லை. 1967-ல் உலக நாடுகள் கூடி, நொடி என்பதையே இந்த எண்ணைக் கொண்டு வரையறுத்தன.

அதற்கு முன் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணுக்களைக் கற்றையாக ஓடவிட்டுக் காந்தத்தால் பிரிக்கலாம் என்று ஸ்டெர்னும் கெர்லாக்கும் 1922-ல் காட்டினார்கள். அந்தக் கற்றையின் மேல் வானொலி அலையைப் பாய்ச்சி அணுவைத் தாவவைக்கும் முறையை ஐசிடோர் ராபி 1938-ல் கண்டார். அவருடைய மாணவர் நார்மன் ராம்சே, அலையை ஓரிடத்தில் நீளமாகப் பாய்ச்சுவதற்குப் பதிலாக இரண்டு இடங்களில், நடுவில் இடைவெளி விட்டுப் பாய்ச்சினால் துல்லியம் கூடும் என்று 1949-ல் சொன்னார். 1989-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1955-ல் இங்கிலாந்தின் டெடிங்டனில் லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும் நம்பிப் பயன்படுத்தக்கூடிய முதல் சீசியம் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். 919 கோடியே சொச்சம் என்ற எண் வந்தது அந்தக் கடிகாரத்தை அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் கணக்கோடு சில ஆண்டுகள் ஒப்பிட்டதில்தான். அவர்கள் அப்போது சொன்ன பிழை அளவு 20 ஹெர்ட்ஸ் மேலே, கீழே.

பாஸ்டனில் ஜெரால்ட் சக்காரியாஸ் என்ற எம்.ஐ.டி. பேராசிரியர், ஆய்வகத்தில் ஓடினால் மட்டும் போதாது, கடையில் வாங்கும் பொருளாக வரவேண்டும் என்று நின்றார். மால்டன் ஊரின் நேஷனல் கம்பெனி 1956-ல் 'அடாமிக்ரான்' என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆளைவிட உயரமான அலமாரி அது. 1964-ல் ஹியூலெட்-பேக்கர்ட் கம்பெனி, விமான இருக்கையில் வைத்துக் கொண்டுபோகும் அளவுக்கு அதைச் சுருக்கியது. 1971-ல் ஹாஃபலேயும் கீட்டிங்கும் அப்படிப்பட்ட 4 கடிகாரங்களை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றி, ஐன்ஸ்டைன் சொன்னபடியே விமானத்தில் நேரம் மாறி ஓடுவதைக் காட்டினார்கள். 1977-ல் முதல் சீசியம் கடிகாரங்கள் என்.டி.எஸ்-2 செயற்கைக்கோளில் விண்ணுக்குப் போயின. செய்தவர்கள் பாஸ்டனுக்கு வடக்கே ராபர்ட் கெர்ன் தொடங்கிய சிறு கம்பெனிக்காரர்கள்.

இந்தக் கதையை வாசிக்கும்போது ஒன்று கண்ணில் படும். இயற்பியல் எல்லாம் 1955-லேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த நாற்பது ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி வேறு வேலை: குழாயைச் சிறிதாக்குவது, சாகாமல் வைத்திருப்பது, ஒன்றைப்போலவே இன்னொன்றைச் செய்வது. அது கைவேலை. பாஸ்டனுக்கு வடக்கே பெவர்லி, டான்வர்ஸ், சேலம் பக்கம் இந்தத் தொழில் நிலைத்ததற்குக் காரணம் எம்.ஐ.டி. மட்டும் அல்ல. அந்த ஊர்களில் அதற்கு முன்பே மின்விளக்கும் ரேடியோ வால்வும் செய்துகொண்டிருந்தார்கள். கண்ணாடியையும் உலோகத்தையும் ஒட்டவைக்கவும், வெற்றிடத்துக்குள் மெல்லிய பாகங்களைக் கோக்கவும் தெரிந்த கைகள் அங்கே வீட்டுக்கு வீடு இருந்தன.

நான் திருச்சியில் டிப்ளமா முடித்துவிட்டு, துவாக்குடியில் பெல் நிறுவனத்துக்குப் பாகங்கள் செய்துகொடுக்கும் பட்டறை ஒன்றில் டிக் வெல்டிங் செய்துகொண்டிருந்தவன். திருச்சி வெல்டிங்குக்குப் பேர் போன ஊர் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். பாய்லர் குழாயின் வெல்டு உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். ஒழுகினால் நீராவி வெளியே சீறும், காதே சொல்லிவிடும். அண்ணன் மூலமாக எண்பதுகளில் அமெரிக்கா போனபோது, எனக்குக் கிடைத்த வேலை இதற்கு நேர் எதிரானது. உள்ளே ஒன்றுமே இருக்கக்கூடாது. வெளியே இருப்பது துளியும் உள்ளே போகக்கூடாது. ஒழுக்கு கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. வெல்டின் மேல் ஹீலியத்தை மெல்லிய ஊசிமுனையால் ஊதி, உள்ளே ஓர் அணுவாவது வந்ததா என்று கருவி சொல்வதைப் பார்க்க வேண்டும். திருச்சியில் பழகிய கை இங்கே உதவியது. வெல்டு குட்டையைப் பார்த்த மாத்திரத்தில் அது சுத்தமாகப் பிடிக்கிறதா, உள்ளே புரை விழுகிறதா என்று தெரியும்.

குழாய் கிட்டத்தட்ட முழங்கை நீளம். ஒரு முனையில் சின்ன அடுப்பு. அதில் சீசியத்தை 100 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்கினால் ஆவியாகும். ஆவி நாலாபுறமும் சிதறாமல் நேராக ஓட, அடுப்பின் வாயில் நூற்றுக்கணக்கான நுண்ணிய துளைகள் கொண்ட ஒரு தடுப்பு வேண்டும். அந்தத் துளைகளை யாராலும் துளையிட முடியாது. அவ்வளவு சன்னமாக, அவ்வளவு நீளமாகத் துளைபோடும் கருவி கிடையாது. அதனால் மெல்லிய உலோகத் தகட்டைப் பல் வைத்த இரு உருளைகளுக்கு நடுவே விட்டு நெளிநெளியாக எடுப்போம். நெளித் தகடு ஒன்று, தட்டைத் தகடு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கினால், அட்டைப்பெட்டியின் வெட்டிய ஓரம் போல வரிசையாகத் துளைகள் கிடைக்கும்.

கேட்க எளிதாக இருக்கிறது. தகடு தலைமுடி கனத்தில் பாதிகூட இருக்காது. மூச்சுப் பட்டால் பறக்கும். உருளையில் பல் கொஞ்சம் தேய்ந்திருந்தால் நெளியின் உயரம் மாறும். அடுக்கும்போது ஒரு நெளி நசுங்கினால் அந்தத் துளை அடைபடும். ஓரத்தில் பிசிர் நின்றால் சீசியம் அங்கே வந்து தங்கி, துளித் துளியாகச் சேர்ந்து வாயை அடைக்கும். எங்கள் கூடத்தில் இந்த வேலையைச் செய்தவர் ஒரு மூத்த பெண்மணி. ரேடியோ வால்வு காலத்திலேயே தொழிலுக்கு வந்தவர். நுண்ணோக்கியின் கீழே இரண்டு இடுக்கியை வைத்துக்கொண்டு, தகட்டைத் தொடாமலே நகர்த்துவது போலத் தெரியும். எனக்கு அவர் சொல்லித்தந்த முதல் பாடம், இடுக்கியை விரலால் பிடிக்காதே, மணிக்கட்டை மேசையில் ஊன்றி, விரலைச் சும்மா வை என்பது. அதைக் கற்றுக்கொள்ளவே மாதக்கணக்கில் ஆயிற்று. எந்த வரைபடத்திலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

கற்றை அடுப்பிலிருந்து கிளம்பி முதல் காந்தத்தைக் கடக்கும். அந்தக் காந்தத்தின் இடைவெளி மிகக் குறுகலானது. ஒரு பக்கம் புலம் வலுவாகவும் மறுபக்கம் மெலிந்தும் இருக்குமாறு முனைகளை வடிவமைத்திருப்போம். சீசியம் அணு 16 வகை நிலைகளில் ஏதாவது ஒன்றில் வரும். நமக்கு உதவுவது அதில் ஒன்றுதான். மற்ற 15 பங்கும் வீண். நேராக வரும் அணுக்களிலேயே இப்படி என்றால், பக்கவாட்டில் சிதறுவதைச் சொல்லவே வேண்டாம். அடுப்பிலிருந்து கிளம்பும் சீசியத்தில் மிகச் சிறு பங்குதான் வேலைக்கு ஆகிறது. எஞ்சியதை எல்லாம் என்ன செய்வது என்பதே இந்தத் தொழிலின் பெரிய கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

காந்தத்தைத் தாண்டினால் செம்பில் செய்த, 'ப' வடிவ அலைக்குழல். அதன் இரு கைகளிலும் கற்றை நுழைந்து வெளியேறும். ராம்சே சொன்ன இரண்டு இடங்கள் இவைதான். நடுவே ஒரு சாண் அளவு வெற்றிடத்தில் அணு தன்போக்கில் பறக்கும். அந்தப் பயணம் ஓர் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான். இரு கைகளும் அச்சுப் பிசகாமல் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒன்று மயிரிழை நீண்டாலும் இரண்டு இடத்திலும் அலை ஒரே கட்டத்தில் இருக்காது, அதிர்வெண் நகர்ந்துவிடும். பெரிய ஆய்வகங்களில் கற்றையை எதிர்த்திசையில் ஓடவிட்டு இந்தப் பிழையைக் கண்டுபிடித்துக் கழிப்பார்கள். விற்பனைக்குப் போகும் குழாயில் அந்த வசதி இல்லை. ஆகவே செய்யும்போதே சரியாகச் செய்தாக வேண்டும். செம்பு ஆக்சிஜன் நீக்கிய செம்பாக இருக்க வேண்டும். சாதாரணச் செம்பை ஹைட்ரஜன் உலையில் பற்றவைத்தால் உள்ளிருக்கும் ஆக்சிஜன் நீராவியாகி, உலோகத்தையே உள்ளிருந்து பிளந்துவிடும்.

இந்த இடம் முழுவதையும் சுற்றிக் காந்தக் கவசம். நிக்கல் கலந்த உலோகத் தகட்டில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செய்வது. தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ். கவசத்துக்குள் நாமாக ஏற்படுத்தும் புலம் அதில் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது, 0.06 காஸ் அளவுதான். அந்தச் சின்னப் புலமே அணுவின் அதிர்வெண்ணை ஒன்றரை ஹெர்ட்ஸ் தள்ளிவிடும். தள்ளட்டும், கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அது மாறாமல் இருக்க வேண்டும். வெளியே ஒரு லிஃப்ட் ஏறி இறங்கினாலும், பக்கத்து அறையில் மோட்டார் ஓடினாலும் உள்ளே தெரியக்கூடாது. கவசத்தை உயர்ந்த வெப்பத்தில் ஹைட்ரஜனில் பதப்படுத்தி எடுத்த பிறகு குழந்தையைத் தூக்குவது மாதிரித்தான் தூக்குவோம். மேசையில் ஒருமுறை தட்டினாலே அதன் குணம் குறைந்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மறுபடி உலைக்குத்தான் போக வேண்டும்.

இரண்டாவது காந்தத்தைக் கடந்து, நிலை மாறிய அணுக்கள் மட்டும் சிவக்கச் சூடான ஓர் உலோக நாடாவில் போய் மோதும். சீசியத்தின் வெளி எலக்ட்ரான் மிகத் தளர்வாகப் பிணைக்கப்பட்டது. சூடான நாடாவைத் தொட்டதும் அதை உதிர்த்துவிட்டு அயனியாகக் கிளம்பும். நாடாவிலேயே பொட்டாசியம் மாதிரி அழுக்கு கொஞ்சம் இருக்கும், அதுவும் அயனியாகி வரும். அதனால் இன்னொரு காந்தம் வைத்து எடைவாரியாகப் பிரித்து, சீசியத்தை மட்டும் எலக்ட்ரான் பெருக்கிக்குள் விடுவோம். அங்கிருந்து வரும் மின்னோட்டம்தான் கடிகாரத்தின் நாடித்துடிப்பு. நுண்ணலையின் அதிர்வெண் சரியாக இருந்தால் மின்னோட்டம் உச்சத்தில் நிற்கும், கொஞ்சம் விலகினால் சரியும். உச்சத்திலேயே நிற்குமாறு குவார்ட்ஸ் அலையியற்றியைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் வெளியே இருக்கும் சுற்றுகளின் வேலை.

எல்லாவற்றையும் கோத்து, வெல்டு வைத்து, ஒழுக்கு பார்த்த பிறகு குழாயை உலையில் வைத்து நாள்கணக்கில் காய்ச்சுவோம். உலோகத்தின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் நீராவியும் வாயுக்களும் வெளியேற வேண்டும். பம்பு இழுத்துக்கொண்டே இருக்கும். அழுத்தத்தின் அளவு நாளுக்கு நாள் இறங்குவதைக் குறித்துக்கொண்டே வருவோம். விரல் ரேகை ஒன்று உள்ளே இருந்தால் அந்தக் கோடு இறங்காமல் நின்றுவிடும். காற்றழுத்தத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு வந்த பிறகு, குழாயையும் பம்பையும் இணைக்கும் செம்புக் குழலை ஹைட்ராலிக் தாடையால் நசுக்கிக் கிள்ளுவோம். சூடு இல்லை, பற்றாசு இல்லை. சுத்தமான செம்பு அழுத்தத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டிக் கத்திமுனை போல மூடிக்கொள்ளும். அந்த முனை மிகக் கூரானது, மெல்லியது. அதற்கு உடனே ஒரு மூடி போட்டுவிட வேண்டும். இவ்வளவு நாள் பாடும் அந்த ஒரு விளிம்பில் நிற்கிறது.

சீசியம் அதுவரை தனிச் சிமிழுக்குள் பூட்டியே இருக்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் அதைத் துளைப்போம். அடுப்பு சூடாகும். திரையில் முதலில் ஒன்றுமே இருக்காது. அதிர்வெண்ணை மெல்ல நகர்த்தினால் ஓர் அகலமான மேடு எழும். அதன் நடுவில் சில நூறு ஹெர்ட்ஸ் அகலத்தில் கூரான ஒரு முடி, இரு பக்கமும் அலையலையாகச் சிறிய முடிகள். ராம்சே காகிதத்தில் போட்ட கணக்கு திரையில் எழுந்து நிற்கும். எத்தனையோ குழாய்களில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைந்தது. நடுமுடியின் இரு பக்கமும் சமச்சீராக இருந்தால் செம்புக் குழலும் காந்தமும் கவசமும் எல்லாம் சரி என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகே வீட்டுக்குப் போவோம்.

ஆனால் குழாய் நல்லதா என்பது அன்றைக்குத் தெரியாது. அதுதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி. சமையல்காரருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும், தையல்காரருக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். எங்களுக்குத் தீர்ப்பு ஐந்து, பத்து ஆண்டு கழித்து வரும். குழாய் செத்துத் திரும்பி வரும்போதுதான் நாம் என்ன செய்தோம் என்று தெரியும். அதற்குள் அதைச் செய்தவர்களில் சிலர் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

திரும்பி வந்த குழாய்களை அறுத்துப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. உள்ளே மந்த வாயுவை நிரப்பி, ஓரமாக அறுத்து, எஞ்சிய சீசியத்தை ஆல்கஹாலால் மெல்ல அடக்கி, பிறகு ஒவ்வொரு பாகமாக நுண்ணோக்கியில் பார்ப்போம். சீசியம் தீர்ந்து செத்தவை உண்டு. ஆனால் பல குழாய்களின் கதை வேறு. வீணாகும் சீசியத்தை உறிஞ்சிக்கொள்ள உள்ளே எங்கும் கிராஃபைட் பூசியும் பதித்தும் வைத்திருப்போம். கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு இடையே சீசியம் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆண்டுகள் போகப்போகக் கிராஃபைட் நிறைந்துவிடும். அப்புறம் அலைந்து திரியும் அணுக்கள் சூடான நாடாவில் வந்து மோதி, சமிக்ஞைக்குக் கீழே ஒரு பின்னணி இரைச்சலாக நிற்கும். சில குழாய்களில் எலக்ட்ரான் பெருக்கி களைத்துப் போயிருக்கும்.

ஒரு தொகுதிக் குழாய்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே இரைச்சலோடு திரும்பின. அறுத்துப் பார்த்ததில் அடுப்பில் சீசியம் இருந்தது, கிராஃபைட்டும் நிறையவில்லை. மின்கம்பிகளைத் தாங்கும் வெண்ணிறப் பீங்கான் ஒன்றின் மேல் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக ஒரு நிழல். சீசியம் அங்கே படலமாகப் படிந்து, மின்சாரம் கசியும் பாதை போட்டிருந்தது. அடுப்பின் வாயிலிருந்து அந்தப் பீங்கானுக்கு ஒரு நூல் பிடித்துப் பார்த்தால் நேர்க்கோட்டில் தடையே இல்லை. தீர்வு மிக எளிது. பீங்கானின் அடியைச் சுற்றி ஒரு சின்னக் கிண்ண வடிவத் தகடு வைத்தோம். அணு நேர்க்கோட்டில்தான் பறக்கும், தகட்டின் நிழலுக்குள் போகாது. அடுத்த தொகுதியில் அந்த நோய் இல்லை. அது உறுதிப்படப் பல ஆண்டு காத்திருந்தோம். அந்தத் தகட்டின் வரைபடத்தை இன்று யார் எடுத்துப் பார்த்தாலும் அது ஏன் அங்கே இருக்கிறது என்று புரியாது. தேவையில்லை என்று எடுத்துவிடவும் கூடும்.

நல்ல சமிக்ஞை வேண்டுமா, நீண்ட ஆயுள் வேண்டுமா என்ற இழுபறி எப்போதும் உண்டு. அடுப்பின் சூட்டைச் சில டிகிரி கூட்டினால் கற்றை வலுக்கும், கடிகாரம் இன்னும் சீராக ஓடும், விளம்பரத் தாளில் எண்கள் அழகாக வரும். சீசியமும் வேகமாகத் தீரும், கிராஃபைட்டும் வேகமாக நிறையும். இரண்டும் விற்பனையில் உண்டு, இரண்டுக்கும் ஆள் உண்டு. என் மனம் நீண்ட ஆயுள் பக்கம்தான். விட்டுவிட்டு ஓடும் கடிகாரம் நேரக்காவலுக்கு உதவாது. நல்ல சீசியம் கடிகாரத்தின் பிழை லட்சம் கோடியில் ஒரு பங்கு என்றால், அது ஒரு நொடி பிசக 31,700 ஆண்டு ஆகும். கேட்க வியப்பாக இருக்கும். ஆனால் ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போய்விடுகிறது. செயற்கைக்கோளைக் கொண்டு இடம் கண்டுபிடிக்கிறவர்களுக்கு, நாள் முழுதும் சேர்ந்துவரும் அந்தச் சிறு பிழையே அதிகம்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். இந்திய நேரத்தைக் காப்பது புதுடெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே வெளிநாட்டில் வாங்கிய சீசியம் கற்றைக் கடிகாரங்களும், ஹைட்ரஜன் மேசர் என்ற வேறு வகை அணுக்கடிகாரங்களும் ஓடுகின்றன. அதே ஆய்வகத்தார் சீசியம் நீரூற்றுக் கடிகாரம் ஒன்றைத் தாங்களே செய்தார்கள். லேசரால் அணுக்களைக் குளிரவைத்து மேலே எறிந்து, விழும்போது அளப்பது அது. ஐம்பதுகளில் சக்காரியாஸ் முயன்று முடியாமல் போன யோசனை. லேசர் குளிரூட்டல் வந்த பிறகு 1990-களில் பாரிஸில் முதலில் கைகூடியது. நம்மவர்கள் அதைச் செய்துகாட்டியது பெரிய சாதனை, அதற்கு உரிய பேச்சு இங்கே எழவில்லை என்பது என் வருத்தம்.

விண்வெளியில் நடந்தது எல்லோரும் அறிந்தது. 2013-ல் இஸ்ரோ ஏவிய ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏ என்ற வழிகாட்டும் செயற்கைக்கோளில் ஐரோப்பாவிலிருந்து வாங்கிய மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கடிகாரம் நின்றால் வழிகாட்டும் செயற்கைக்கோளுக்கு வேலை இல்லை. இஸ்ரோவின் அகமதாபாத் மையம் சொந்தமாக ரூபிடியம் கடிகாரம் செய்து, 2023 மே 29 அன்று என்.வி.எஸ்-01 செயற்கைக்கோளில் ஏற்றி அனுப்பியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று ஆவூரில் யாரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவது என்று தெரியாமல் தம்பி மகனுக்கே போன் போட்டேன்.

ரூபிடியம் கைவசம் வந்துவிட்டது, நீரூற்றும் வந்துவிட்டது, இனி கற்றைக் குழாய் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. புதிய ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் சீசியம் இல்லை என்பதும் உண்மை. என் பதில் இது. ரூபிடியம் கடிகாரத்தின் எண் மெல்ல மெல்ல நகரும், அதை ஒருவர் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நீரூற்று மிகத் துல்லியமானது, ஆனால் ஓர் அறையை அடைக்கும், நிபுணர்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, யாரும் தொடாமல் ஆண்டுக்கணக்கில் சரியான நொடியைச் சொல்லும் கருவி இன்றும் சீசியம் குழாய்தான். பாரிஸுக்குப் பக்கத்தில் உலக நேரத்தைக் கணக்கிடும் நிலையத்துக்கு உலகெங்கும் 400-க்கு மேற்பட்ட கடிகாரங்களின் கணக்குப் போகிறது. அதில் பெரும்பங்கு மேசர்களும் சீசியம் குழாய்களும்தான். ஒளியால் அணுக்களைத் தேர்ந்தெடுக்கும் புதுவகைக் குழாய்கள் ஐரோப்பாவிலும் சீனாவிலும் விற்பனைக்கே வந்துவிட்டன. அதில் காந்தத்துக்குப் பதில் 852 நானோமீட்டர் லேசர். 16-ல் 15 பங்கு வீணாவது குறைகிறது. ஆனால் அடுப்பு, தகட்டுத் துளைகள், செம்புக் குழல், கவசம், கிராஃபைட், கிள்ளி மூடுவது எல்லாம் அப்படியே இருக்கின்றன.

இந்தக் கைகள் நம் நாட்டில் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் நுண்ணலைக் குழாய்கள் செய்கிறார்கள். பிலானியில் சீரி ஆய்வகத்தில் அதே கலையில் பல தலைமுறை விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். திருச்சியில் வெல்டிங்குக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டெல்லியிலும் அகமதாபாத்திலும் அணுக்கடிகாரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்காரவில்லை, அவ்வளவுதான். மற்ற நாடுகளில் இந்தத் தொழில் வளர்ந்தது, இயற்பியல் தெரிந்தவரும் வால்வு கோத்த பெண்மணியும் ஒரே அறையில் பத்து, இருபது ஆண்டு சேர்ந்து வேலை பார்த்ததால். வரைபடத்தை விலைக்கு வாங்கலாம். மணிக்கட்டை எங்கே ஊன்றுவது என்பதையும், பீங்கானடியில் அந்தத் தகடு ஏன் என்பதையும் விலைக்கு வாங்க முடியாது.

திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துப் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். வெல்டிங்கோடு வெற்றிடத் தொழிலையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒரு பம்பும் ஒரு ஹீலியம் ஒழுக்குக் கருவியும் இருந்தால் போதும், தொடங்கலாம். கை படிந்த பிள்ளைகளுக்குக் கற்றைக் குழாய் மட்டும் அல்ல, துகள் முடுக்கி, செயற்கைக்கோள், குறைகடத்தி ஆலை என்று எங்கும் வேலை உண்டு. நிதி ஒதுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் கேட்பது இன்னொன்று. சீசியம் குழாய்க்கென்று ஓர் அறையை இந்த ஆண்டே தொடங்குங்கள். இன்று தொடங்கினாலும் முதல் நல்ல குழாய் வரச் சில ஆண்டு ஆகும், அது பத்து ஆண்டு ஓடுமா என்று தெரிய அதற்குப் பிறகு இன்னும் பத்து ஆண்டு ஆகும்.